கணவாய்க் காற்றில் கோள்களைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ தொலைநோக்கி வைத்துக் கோள்களைப் படமெடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கருவி 5 முதல் 8 அங்குலம் (முகப்பு லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டம்) வரை, கேமரா லேப்டாப்பில் செருகும் சிறிய கோள் கேமரா அல்லது கைப்பேசி என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறோம். கோளை ஒரே படமாக எடுக்காமல் வீடியோவாக எடுத்து, அதிலுள்ள நல்ல ஃபிரேம்களை (தனிப்படங்களை) மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதே முறை.

வானம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஆனாலும் வியாழன் தண்ணீருக்குள் கிடக்கும் காசு போல நெளிந்தது. ஏன்?

வானத்தின் தெளிவு வேறு, காற்றின் நிதானம் வேறு. மழை விட்ட மறுநாள் தூசியெல்லாம் கழுவிவிடப்பட்டு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அதே இரவில் மேலே குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் கலந்து புரண்டுகொண்டிருக்கலாம். சூட்டில் வேறுபட்ட காற்று ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால்தான் கோளின் விளிம்பு நெளிகிறது. 8 அங்குலக் கருவியால் 0.57 ஆர்க் செகண்ட் இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியும் (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒன்று ஆர்க் செகண்ட்). காற்று கலங்கிய இரவில் ஒவ்வொரு புள்ளியும் 2, 3 ஆர்க் செகண்டுக்குப் பரவிவிடும். 2 அங்குலக் கருவி தருகிற விவரத்துக்கு மேல் அன்றைக்குக் கிடைக்காது.

மெல்லிய மூட்டமும் புழுக்கமும் உள்ள, தென்னை ஓலை அசையாத இரவுகளை வீணென்று ஒதுக்காதீர்கள். நட்சத்திரம் பாதிதான் தெரியும். ஆனால் வியாழனின் பட்டைகள் செதுக்கி வைத்தது போல நிற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான். ஒளி குறைந்தால் கேமராவின் கெயினை (கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஏற்றிச் சமாளிக்கலாம். நெளியும் காற்றைச் சரிசெய்யக் கருவி கிடையாது. தெருவிளக்கைப் பற்றியும் கவலை வேண்டாம். கோள்கள் பிரகாசமானவை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியிலிருந்தும் நல்ல படம் எடுக்கலாம்.

காற்று எப்படி இருக்கும் என்று எதைப் பார்த்துத் தீர்மானிப்பது?

முதலில் வெறும் கண். உச்சிக்குப் பக்கத்திலுள்ள நட்சத்திரங்கள் மினுக்கினால் அன்றைக்கு நுணுக்கம் எதிர்பார்க்க வேண்டாம். அடிவானத்தில் மினுக்குவது எப்போதும் உள்ளதுதான்.

அடுத்து, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, பெரிய வட்டமாக்கிப் பாருங்கள். வட்டத்துக்குள் அரிசி உலையிலிருந்து எழும் ஆவி மாதிரி மெல்லச் சுருண்டால், சூடு உங்கள் குழாய்க்குள்ளேயே இருக்கிறது; ஆறும்வரை பொறுங்கள். ஒரே திசையில் வாய்க்கால் தண்ணீர் போல விறுவிறுவென்று ஓடினால் அது மேலடுக்குக் காற்று. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. திசையில்லாமல் கொதித்தால் பக்கத்துக் கூரை, சுவர், தரை ஆகியவற்றின் சூடு என்று சந்தேகப்படலாம். கருவியை 10 அடி தள்ளி வைத்தாலே சில சமயம் மாறிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமலே "இன்றைக்குக் காற்று சரியில்லை" என்று மூட்டை கட்டுபவர்கள் அதிகம். பல இரவுகளில் குற்றவாளி சொந்தக் குழாய்தான்.

முன்னறிவிப்புக்கு மீட்டியோபுளூ தளத்தில் வானியலுக்கென்று தனிப் பக்கம் உண்டு. விண்டி செயலியில் 200 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தை, அதாவது ஏறத்தாழ 12 கி.மீ. உயரக் காற்றைப் பார்க்கலாம். அங்கே நொடிக்கு 20 மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களுக்கு எந்த மாதங்கள் வாகானவை?

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30, 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு திறந்த வாசல். காற்று அந்த வாசல் வழியாக ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறி ஓடுகிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து வரும். கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இந்தக் காற்று. அம்மி பறக்கும் ஆடிக் காற்றில் 8 அங்குல டாப்சோனியன் (பெட்டித் தாங்கியில் கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி) குழாய் பாய்மரம் போல ஆடும். போதாக்குறைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே 100 முதல் 150 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று (மிக உயரத்தில் வேகமாகப் பாயும் காற்றோட்டம்) ஓடும். வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1958-இல் விவரித்தது இதைத்தான். மேகம் விலகினாலும் படம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்த்திகை முதல் தை வரை காற்று கிழக்கிலிருந்து. கேரளப் பக்கத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். வானம் திறந்திருக்கும், ஆனால் தரைக்காற்று விடாது. மறைப்பான இடம் கிடைத்தால் இந்த மாதங்கள் மோசமில்லை. குளிர்கால மேற்குத் தாரைக்காற்று பெரும்பாலும் நமக்கு வெகு வடக்கே, வட இந்தியாவுக்கு மேல் ஓடுவதால் மேலடுக்கு நமக்கு அமைதியாகவே கிடைக்கும்.

எங்கள் கணிப்பில் மாசி, பங்குனிதான் முதலிடம். சித்திரையில் மாலை இடிமழை இருந்தாலும் நள்ளிரவுக்குப் பின் வானம் திறந்தால் காற்று அசைவற்று நிற்பதுண்டு. எந்த மாதமானாலும் இரவு 8 மணியைவிட அதிகாலை 3, 4 மணி பெரும்பாலும் மேல். பகல் சூட்டைத் தரை அதற்குள் கக்கி முடித்திருக்கும்.

மொட்டை மாடியா, முற்றமா, தோப்பா?

மண் தரை அல்லது புல் தரை. கான்கிரீட் மாடியும், கொப்பரை காயவைக்கும் சிமெண்ட் களமும் பகல் முழுதும் குடித்த வெயிலை நள்ளிரவு வரை திருப்பித் தரும். மாடியை விட்டால் வேறு இடமில்லை என்றால் மாலை 5 மணிக்கே தண்ணீர் ஊற்றிக் குளிரவிடுங்கள். கருவியை வைக்கும்போது தரை காய்ந்திருக்க வேண்டும்.

பார்க்கும் திசையில் என்ன இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். தகரக் கூரை, ஏசியின் வெளிப்பெட்டி, எண்ணெய் ஆலைப் புகைபோக்கி, செங்கல் சூளை ஆகியவற்றின் தலைக்கு மேல் கோள் நிற்கும்போது எடுக்காதீர்கள், நகரும்வரை காத்திருங்கள். தண்ணீர் பாய்ந்த தென்னந்தோப்பின் மேலாகப் பார்ப்பது நல்லது, இலைப்பரப்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

காற்றைத் தடுக்க மதில் ஓரம் ஒதுங்குவார்கள். மதிலில் மோதிய காற்று சுழன்று கருவியின் மேலேயே விழும். அதைவிடக் கீற்றுத் தட்டி நல்லது: காற்றில் கொஞ்சத்தை உள்ளே விட்டு மீதியைத் தடுப்பதால் சுழல் குறையும். காற்று வரும் பக்கத்தில் கருவியிலிருந்து 6, 7 அடி தள்ளி, குழாயின் உயரத்துக்கு நட்டால் போதும்.

ஆழியாறு, வால்பாறை அடிவாரம் போன்ற காட்டோரத் தோப்புகளில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே இரவில் தனியாகக் கருவி வைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்?

8 அங்குலத் திறந்த குழாய்க்கு 45 நிமிடம் முதல் 1 மணி நேரம். கண்ணாடியின் முதுகில் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்யூட்டர் விசிறி (80 மி.மீ.) வைத்தால் அரை மணி போதும், அதிர்வு தொற்றாமல் இருக்க ரப்பர் பட்டையில் தொங்கவிடுங்கள். முன்பக்கம் லென்ஸால் மூடிய மாக்சுதோவ் வகைக் குழாய்க்கு 1 முதல் 1½ மணி நேரம் ஆகும், உள்ளே காற்றோட்டம் இல்லை. மாக்சுதோவ், ஷ்மிட்-காசெக்ரெய்ன் குழாய்களைச் சுற்றி வெள்ளிப் படலமுள்ள வெப்பத்தடுப்பு ஷீட்டைச் சுற்றிக் கட்டினால் உட்சூடு ஒரே சீராக மெல்ல இறங்கும், நெளிவு வெகுவாகக் குறையும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். ஏசி இல்லாத அறையில் வையுங்கள், சூரியன் சாய்ந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேமராவுக்கும் பார்லோவுக்கும் (படத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) கணக்கு என்ன?

கேமராப் பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 5-ஆல் பெருக்குங்கள்; வருகிற எண்ணை ஒட்டி எஃப் எண் (குவியத்தூரத்தைக் கருவியின் விட்டத்தால் வகுத்த எண்) இருக்க வேண்டும். 2.9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப் 14.5, 2 மைக்ரானுக்கு எஃப் 10. எஃப் 6 கொண்ட 8 அங்குல டாப்சோனியனின் குவியத்தூரம் 1200 மி.மீ.; அதில் 2.5 மடங்கு பார்லோ போட்டால் 3000 மி.மீ., எஃப் 15. 127 மி.மீ. மாக்சுதோவ் ஏற்கெனவே எஃப் 12-ஐ ஒட்டியிருப்பதால் 2.9 மைக்ரான் கேமராவோடு பார்லோவே வேண்டாம்.

காற்று சுமாரான இரவில் 5-க்குப் பதில் 3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கலங்கிய படத்தை இன்னும் பெரிதாக்கினால் கலக்கம்தான் பெரிதாகும். வெளிச்சம் பரவிப் போய் எக்ஸ்போஷரும் நீளும்.

பார்லோவில் எழுதியிருக்கும் மடங்கை அப்படியே நம்ப வேண்டாம். கேமரா தள்ளிப் போகப் போக மடங்கு ஏறும். சரிபார்க்க ஒரு வழி: அன்றைய வியாழனின் விட்டத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் பாருங்கள், படத்தில் எத்தனை பிக்சல் என்று அளந்துகொள்ளுங்கள். 45 ஆர்க் செகண்ட் வியாழன் 200 பிக்சல் வந்தால் ஒரு பிக்சலுக்கு 0.225. 206.265-ஐப் பிக்சல் அளவால் (2.9) பெருக்கி 0.225-ஆல் வகுத்தால் உண்மையான குவியத்தூரம் வரும்: ஏறத்தாழ 2660 மி.மீ.

நிறக் கேமராவுக்கு யூவி-ஐஆர் கட் ஃபில்டர் அவசியம். அது இல்லாவிட்டால் அகச்சிவப்பு மூன்று நிறங்களிலும் கசிந்து வியாழன் வெளிறிப்போகும்.

என்னிடம் மோட்டார் இல்லாத டாப்சோனியன். முடியுமா?

முடியும். வானம் நொடிக்கு ஏறத்தாழ 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. 3000 மி.மீ. குவியத்தூரத்தில் 1920 பிக்சல் அகலமுள்ள சென்சாரைக் கோள் 25 நொடியில் கடந்துவிடும். எனவே முழுச் சென்சாரையும் திறந்து வைத்து, கோளை ஒரு ஓரத்தில் நிறுத்திக் கைவிட்டு, அதிர்வு அடங்க 2 நொடி கொடுத்து, மறு ஓரம் போகும்வரை பதிவு செய்யுங்கள். அப்படி 5, 6 துண்டுகள். பிப் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோளை நடுவுக்குக் கொண்டுவந்து, தேவையான அளவு வெட்டி, ஒரே கோப்பாகச் சேர்த்துத் தரும். ஃபைண்டரை (குழாயின் மேலுள்ள, குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) இருட்டும் முன்பே, தூரத்து டவர் உச்சியை வைத்து நேர்ப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிறிய சென்சாரில் கோளைத் தேடியே இரவு போய்விடும்.

கோள் உச்சிக்கு 10 பாகைக்குள் வந்ததும் டாப்சோனியனைத் தள்ளுவது பெரும்பாடு. நம் ஊரில் இது அடிக்கடி நேரும். உயரம் 50 முதல் 75 பாகைக்குள் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் பதிவு மென்பொருள்களில் எந்த அளவுகள்?

எஃப் 15-இல் நிறக் கேமராவுக்குத் தொடக்கப் புள்ளியாக: வியாழனுக்கு 8 முதல் 12 மில்லிசெகண்ட், சனிக்கு 20 முதல் 30, செவ்வாய்க்கு 4 முதல் 8, வெள்ளிக்கு 1 முதல் 3. முதலில் எக்ஸ்போஷரை நிலைநிறுத்துங்கள், பிறகு ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 50, 60 சதவீதம் வரும்வரை கெயினை ஏற்றுங்கள். படம் மணல் தூவியது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 2500 ஃபிரேம்களை அடுக்கும்போது அந்த மணல் 50-இல் ஒரு பங்காகக் குறையும். மணலுக்குப் பயந்து எக்ஸ்போஷரை 40 மில்லிசெகண்டாக்கினால் காற்றின் அசைவு ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிந்துவிடும், அதை எந்த அடுக்கலாலும் எடுக்க முடியாது.

மோட்டார் உள்ளவர்கள் 640×480 ஜன்னல் வைத்து, சுருக்கப்படாத எஸ்இஆர் கோப்பாக, 8 பிட்டில் பதியுங்கள். நொடிக்கு 100 ஃபிரேம் என்றால் 2 நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.7 ஜிபி. யூஎஸ்பி 3 கேபிளும் எஸ்எஸ்டியும் இல்லாவிட்டால் சில ஃபிரேம்கள் பதியாமல் போகும்.

ஒரு வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. 47 ஆர்க் செகண்ட் அகலத்தில் தெரியும்போது நடுவிலுள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்கு 0.25 ஆர்க் செகண்ட் நகரும். 8 அங்குலத்தின் பிரிதிறன் 0.57 என்பதால் 2 நிமிடத்தோடு நிறுத்துவது நல்லது. 5 அங்குலத்துக்கு 3 நிமிடம் தாங்கும். செவ்வாய் மெதுவாகச் சுழல்வதால் 6, 8 நிமிடம் எடுக்கலாம், சனி 5, 6 நிமிடம். அதற்கு மேல் வேண்டுமானால் 2 நிமிட வீடியோக்களாக 5, 6 எடுத்து, விண்ஜூபோஸ் மென்பொருளில் சுழற்சியைத் திருத்திச் சேர்க்க வேண்டும். அதற்கு லேப்டாப்பின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பதிவு தொடங்கும் முன் இணையத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

ஃபோகஸ் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

குமிழியைத் தொட்டதும் படம் ஆடுகிறது என்பதுதான் பாதிச் சிக்கல். துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் குமிழியில் கவ்வவிட்டு அதன் வாலை மட்டும் விரல் நுனியால் தள்ளுங்கள். நெம்புகோல் போல நுணுக்கமாக நகரும். வியாழனில் பட்டையைப் பார்ப்பதைவிட அதன் நிலவைப் பார்த்து ஃபோகஸ் செய்வது எளிது: புள்ளி மிகச் சிறியதாகும் இடத்தில் நிறுத்துங்கள். சனிக்கு வளையத்தின் முனைகள். சரியான இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

ஃபோகஸுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் கண்ணாடிகளின் நேர்ப்பாட்டை, அதாவது காலிமேஷனைப் பாருங்கள். ஃபோகஸ் கலைத்த நட்சத்திரத்தின் வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் அது தவறியிருக்கிறது. கருவி ஆறிய பிறகு, நட்சத்திரத்தை நடுவில் வைத்து, திருகை கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி பாருங்கள். வண்டியில் ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் இது வேண்டும்.

மெல்லிய மேகம் ஓடிக்கொண்டிருந்தால்?

பதிவை நிறுத்தாதீர்கள். கெயினைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள், மேகத்துக்கு இடையில் தெளிவு வரும்போது ஹிஸ்டோகிராம் 80 சதவீதத்தைத் தாண்டாத அளவுக்கு. தர வரிசையில் மங்கிய ஃபிரேம்கள் பெரும்பாலும் கீழே போய்விடும்.

காற்றே கலங்கியிருந்தால், கருப்பு-வெள்ளைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 685 நானோமீட்டருக்கு மேலுள்ள ஒளியை மட்டும் விடும் ஐஆர் பாஸ் ஃபில்டர் ஒரு வரம். அலைநீளம் கூடக்கூடக் காற்றின் கலக்கம் குறையும். செவ்வாயின் கரும்பரப்புகளும் வியாழனின் பட்டைகளும் நன்றாக எடுபடும்.

நிறப்பிரிகையைச் சரிசெய்யும் ஏடிசி வாங்க வேண்டுமா?

அவசரமில்லை. வளிமண்டலம் முப்பட்டகம் போல நீலத்தையும் சிவப்பையும் பிரிக்கும். 45 பாகை உயரத்தில் இது ஏறத்தாழ 1.4 ஆர்க் செகண்ட். நாம் இருப்பது வட அட்சம் 10.7-இல். கோள் தெற்கே தனுசு வரை இறங்கிப் போனாலும் நமக்கு 56 பாகை உயரத்தில் நிற்கும்; லண்டனில் அதே கோள் 16 பாகையைத் தாண்டாது. நம் மண்ணுக்குக் கிடைத்த கொடை இது. அந்தப் பணத்தில் நல்ல பார்லோ வாங்குங்கள். வெள்ளி, புதனை எடுப்பவர்களுக்கு மட்டும் இது வேறு, அவை தாழ்வாகவே கிடைக்கும்.

அடுக்குவதும் கூர்மையாக்குவதும் எப்படி?

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற அடுக்கும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, கோள் என்று தேர்ந்து, தரம் பிரிக்கச் சொல்லுங்கள். தரத்தைக் காட்டும் வரைகோடு பாதிக்குக் கீழே எங்கே இறங்குகிறதோ அதை வைத்து எத்தனை ஃபிரேம் என்று முடிவு செய்யலாம். 12,000 ஃபிரேமில் நல்ல இரவில் 25 சதவீதம், சுமாரான இரவில் 10 சதவீதம். ஒட்டுப்புள்ளியின் (படத்தைத் துண்டு துண்டாகப் பொருத்த உதவும் புள்ளி) அளவு 48 முதல் 72 பிக்சல். காற்று மோசமானால் பெரிதாக்குங்கள், சிறிய புள்ளிகள் வைத்தால் படம் ஒட்டுத்துணி போலத் தையல் தெரியும்.

கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருள். அதன் வேவ்லெட் அடுக்குகளில் (நுணுக்கத்தை அளவுவாரியாகக் கூட்டும் பட்டிகள்) முதலாவது பெரும்பாலும் மணலைத்தான் தூக்கும். இரண்டு, மூன்றில் மெல்ல ஏற்றுங்கள். நிறுத்த வேண்டிய இடம் எது? கோளின் விளிம்புக்கு உள்ளே வெங்காயத் தோல் போல இன்னொரு கோடு தெரிந்தாலோ, வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றிக் கருவளையம் வந்தாலோ எல்லை தாண்டிவிட்டீர்கள். செவ்வாயின் விளிம்புக்கோட்டை மேகமென்று நம்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கொஞ்சம் மந்தமான, உண்மையான படம் எங்களுக்குப் பிடிக்கும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.

10 மி.மீ. கண்ணருகு லென்ஸ், கிளிப் அடாப்டர், புரோ மோட். ஐஎஸ்ஓ 100 முதல் 200, ஷட்டர் 1/60 முதல் 1/125. தானியங்கி விட்டால் கைப்பேசி கறுப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி வியாழனை வெள்ளைப் பந்தாக்கிவிடும். நொடிக்கு 60 ஃபிரேமில் 30 நொடி வீடியோ எடுத்து, பிப்பில் மாற்றி, மேலே சொன்னபடி அடுக்குங்கள். எம்பி4 சுருக்கத்தில் நுணுக்கம் போய்விடும் என்றாலும் இரண்டு பெரும் பட்டைகளும் சனி வளையமும் உறுதியாக வரும்.

பனியும் பூஞ்சையும்?

மார்கழிப் பனிக்கு, யோகா விரிப்பை வெட்டிக் குழாயின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குத் தொப்பி செய்து மாட்டுங்கள். ஈரம் படிந்துவிட்டால் துடைக்காதீர்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். ஈரத்தோடு மூடி போட்டுப் பெட்டியில் வைப்பதால்தான் ஐப்பசி, ஆடி மழை மாதங்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. பார்லோ, கண்ணருகு லென்ஸ், கேமராவை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று சிறிய ஹைக்ரோமீட்டரில் பாருங்கள்.

முதல் மழைக்குப் பின் ஈசல் வரும். லேப்டாப்பை அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள்.

வெள்ளியைச் சூரியன் மறையும் முன்பே எடுக்கலாமா?

உயரத்தில் இருக்கும்போது எடுப்பது படத்துக்கு நல்லதுதான். ஆனால் குழாய் தவறிச் சூரியன் பக்கம் திரும்பினால் கண் போகும், கேமராவும் போகும். வீடு அல்லது மதில் சூரியனை முழுதாக மறைக்கும் நிழலில் கருவி நிற்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் மறையும்வரை பொறுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் குழாயைத் திறந்து வைக்கவே கூடாது.

அடுத்து எதற்குத் தயாராகலாம்?

2026 அக்டோபர் 4-இல் சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. 2025 மார்ச்சில் கோடாகிப் போன வளையம் மறுபடி விரிந்து வரும் காலம் இது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன், புரட்டாசியில் கிடைக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். 2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி வியாழனும், பிப்ரவரி 19-இல் செவ்வாயும் எதிர்நிலைக்கு வருகின்றன. இரண்டும் சிம்ம மண்டலத்தில், நம் உச்சிக்கு 5, 6 பாகைக்குள் ஏறும். செவ்வாய் இம்முறை 13.8 ஆர்க் செகண்ட்தான், 2035 செப்டம்பரில் 24-ஐத் தாண்டும். ஆனால் இரண்டு கோள்களும் ஒரே இரவில், மாசி மாதத்துக் காற்றில் கிடைக்கின்றன. இரவு 10½, 11 மணிக்குக் கிழக்கில் 60, 70 பாகையில் நிற்கும்போது செவ்வாயை முடித்து, வியாழனை அது உச்சி தாண்டி மேற்கே சாய்ந்த பிறகு எடுத்தால் டாப்சோனியன்காரர்களுக்கும் கழுத்து வலிக்காது.